மாடி அடுப்பின் மேல் எனக்கு ஒரு கண்

முகுந்தா,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ புனேக்கு ரயில் ஏறப்போகிறாய். வெளியூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா எழுதுகிற கடிதம் என்றால், வேளாவேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ட நேரம் வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டு முழித்திருக்காதே என்றெல்லாம் இருக்க வேண்டும். அதெல்லாம் இதிலும் உண்டு, இப்போதே சொல்லியும் ஆயிற்று. ஆனால் இதை மடித்து உன் சட்டைப் பையில் வைக்காமல் ஊரே படிக்கிற மாதிரி எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த இரண்டு வருஷத்துக்கு மேலாக நம் மாடியில் நீ வெங்காயம் வதக்கியதைக்கூட ஊரே பார்த்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். அந்த வாசனை இறங்கி வருகிற மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு உன் அம்மா என்ன நினைத்தாள் என்பதையும் அதே ஊர் தெரிந்துகொள்ளட்டும். பொறாமைப்பட்டாள். வேறொன்றும் இல்லை. பெற்ற பிள்ளைமேல் தாய்க்குப் பொறாமை வருமா என்று நாலு பேர் மோவாயில் கை வைப்பார்கள். வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒருநாள் சாயங்காலம் காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் வந்து நின்றாய். "அம்மா, உலகத்துல இருக்கற எல்லா நாட்டு சமையலும் நாட்டுக்கு ஒண்ணாப் பண்ணிப் பாக்கப் போறேன். வாரத்துக்கு ஒரு நாடு. வீடியோவும் போடப் போறேன்" என்றாய். நான் ரசத்துக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன். "இங்கேயா?" என்றேன். என் குரலே எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் கேட்டது. நம் அடுக்களையில் வெங்காயம், பூண்டு நுழையாது என்பது உனக்குத் தெரியாததா? இங்கே பண்ணுகிற தளிகை முதலில் பெருமாளுக்கு. அவர் கண்டருளிய பிறகுதான் நமக்கு. நீ சிரித்துக்கொண்டே, "இங்க இல்லம்மா, மாடி ரூம்ல" என்றாய். முட்டையும் மாமிசமும் கூடாது என்று மட்டும் சொன்னேன். சரி என்று தலையாட்டினாய், அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தாய். மறுநாளே உன் அப்பா சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய், கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். என் மிக்ஸிக்குப் பிளேடு மாற்றித் தரச் சொல்லி நான் அப்போது மாசக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தேன். அது வேறு கதை என்று சொல்ல வந்தேன். இல்லை, இதே கதைதான்.

இத்தாலி பண்ணின அன்று நடந்தது நினைவிருக்கிறதா? என்னமோ ஒரு பச்சை இலையை அரைத்து விழுது பண்ண வேண்டும், அது துளசிக்கு அக்கா தங்கை மாதிரி என்று எங்கேயோ படித்துவிட்டு, முற்றத்துத் தொட்டியிலிருந்து பெருமாளுக்கு வைத்திருந்த துளசியை ஒரு கிளை விடாமல் மொட்டையடித்து, பூண்டு சேர்த்து அரைத்துவிட்டாய். பூண்டு சேர்த்து! மாடியிலிருந்து அந்த வாடை இறங்கி வந்ததும் எனக்கு உச்சந்தலை பற்றி எரிந்தது. "உனக்கு புத்தி எங்கடா போச்சு? நாளைக்குப் பெருமாளுக்கு எதை சாத்தறது?" என்று கத்தினேன். நீ கையில் அந்தப் பச்சை விழுதோடு திருதிருவென்று முழித்தாய். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. மறுநாள் விடிந்ததும் உன் அப்பா, யாரும் சொல்லாமல், பூ மார்க்கெட்டுக்குப் போய், "இவன் கேக்கற இலை திருநீற்றுப் பச்சிலைதாண்டி, பூக்காராகிட்ட கட்டுக்கட்டா இருக்கு" என்று ஒரு பை நிறைய வாங்கி வந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் கறிவேப்பிலை கேட்டால் மூன்று தடவை கேட்க வேண்டும். மூன்றாவது தடவை கொத்தமல்லி வரும். அந்த மனுஷர் உனக்காக வாசனை பார்த்து இலை பொறுக்குகிறார். துளசி போன கோபம் அன்று சாயங்காலமே தணிந்துவிட்டது. இந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நான் பரிமாறுகிறேன். நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார். நன்றாக இல்லாவிட்டால், "உப்பு" என்பார். அவ்வளவுதான். குறைந்ததா கூடினதா என்பதை நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அவர் பேசாமல் எழுந்து கை அலம்பப் போனாரானால் அதுதான் எனக்குப் பரிசு, பட்டம், பொன்னாடை எல்லாம். நானும் அப்படியே பழகிவிட்டேன்; புருஷர்களுக்கு வாய் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். எத்தியோப்பியா பண்ணி, புளித்த மாவில் தோசை மாதிரி ஒன்று வார்த்து, மேலே காரமாகப் பருப்பு வைத்து நீ நீட்டினாயே, அன்றைக்குத்தான் தெரிந்தது அவருக்கும் வாய் இருக்கிறது என்று. "பிரமாதம்டா! இது எப்படிடா பண்ணினே? இன்னும் கொஞ்சம் போடு" என்றார். அது புளித்த தோசையும் மிளகாய் போட்ட பருப்பும்தானே, முகுந்தா. நான் போட்டுக்கொண்டிருக்கிறதுதானே. மாடிப்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. கீழே போய் பாலுக்கு உறை ஊற்றினேன்.

படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டையும் நீ எப்படி இழுத்துக்கொண்டு போனாய் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள், அதில் பொய் சொல்ல மாட்டேன். மாவு உப்புகிற நேரத்தில் லேப் ரெக்கார்டு எழுதினாய். பல பக்கங்களில் உன் மாவு விரல் ரேகை இருக்கும். பீன்ஸ் வேகும்போது வைவாவுக்கு உரக்கப் படித்தாய், நான் கீழே துணி மடித்துக்கொண்டே கான்கிரீட்டில் எத்தனை வகை என்று கற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு பெண் உன் வீடியோவுக்குக் கீழே, படிப்பையும் சமையலையும் எப்படி பேலன்ஸ் பண்றீங்க என்று கேட்டிருந்தாள். நீ, டைம் மேனேஜ்மென்ட் என்று பதில் போட்டிருந்தாய். டைம் மேனேஜ்மென்ட்டாம்! சனிக்கிழமை சாயங்காலம் நீ சமைப்பாய், உன் சிநேகிதர்கள் திருவானைக்காவலிலிருந்தும் தில்லைநகரிலிருந்தும் வண்டியில் வந்து சாப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ இன்டர்னல் டெஸ்டுக்குப் படிப்பாய். பூண்டு பட்ட பாத்திரம் கீழே வரக்கூடாது என்று மாடிக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, அடிப்பிடித்த பிரேசிலையும் மொரோக்கோவையும் தேய்த்தது யார்? புனேயில் ரூம் எடுத்துத் தங்கும்போது யார் சமைத்தாலும் சரி, பாத்திரம் யார் தேய்க்கிறார்கள் என்று திரும்பிப் பார். நீ தேய். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தால், அவள் போட்ட சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை சொல். இதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்லக்கூடிய உருப்படியான புத்திமதி.

ஐந்தாம் செமஸ்டரில் உனக்கு ஒரு பேப்பர் அரியர் விழுந்தது. நீ முகம் செத்துப்போய் வந்து நின்றாய். என் பிள்ளை தோற்றுவிட்டானே என்று எனக்கு வருத்தம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வருத்தத்துக்கு முன்னாலேயே, அப்பாடா என்று ஒன்று வந்துவிட்டது. உன் அப்பாவிடம் ஓடினேன். "பாத்தேளோன்னோ? அடுப்பே கதின்னு கிடந்தா இப்படித்தான் ஆகும். அதைத் தூக்கிப் பரண்ல போடுங்கோ" என்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "விடு, அடுத்த தடவை எழுதிடுவான். ஏன், அந்த மெக்சிகோ ஒண்ணு பண்ணினானே, ராஜ்மா போட்டு, அது மாதிரி நீயும் ஒருநாள் பண்ணேன்" என்றார். அன்று ராத்திரி அவருக்கு மோர்சாதமும் சுட்ட அப்பளமும்தான். மறுநாளும் அதேதான். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ அடுத்த செமஸ்டரில் அந்தப் பேப்பரையும் எழுதி, பெரு, போலந்து என்று ஒரு வாரமும் விடாமல் பண்ணிக்கொண்டே போனாய்.

இதெல்லாம் சில்லறைப் பொறாமை. எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதான். நிஜமாக என்னைத் தின்றது வேறு. ஒருநாள் துணி எடுக்க மாடிக்கு வந்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். கரண்டியால் எடுத்து ஊதி, நக்கிப் பார்த்தாய். தலையை ஒரு பக்கம் சாய்த்து யோசித்தாய். எலுமிச்சம்பழம் பிழிந்தாய். மறுபடியும் நக்கினாய். கொஞ்சம் சர்க்கரை. மறுபடியும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உனக்குள்ளேயே "ம்ம்" என்றாய். துணியெல்லாம் கையில் இருக்க, கொடிக்கடியில் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆயுசில் ஒருநாள்கூட நான் அப்படிச் சமைத்ததில்லை. பெருமாளுக்குப் பண்ணுவதை எச்சில் பண்ணக்கூடாது. வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது, முகர்ந்துகூடப் பார்க்கக்கூடாது. பிறந்த வீட்டிலும் அப்படித்தான், வந்த வீட்டிலும் அப்படித்தான். கொதிக்கிற சத்தத்தையும் நுரை கட்டுகிற விதத்தையும் பார்த்து உப்புப் போடுவேன். கை தவறாது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு. ஆனால் சமைக்கும்போது ஒருத்தருக்கு இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே! சமையல் முடிந்து, பெருமாளுக்கு ஆகி, உங்களுக்கெல்லாம் ஆகி, கடைசியில் என் தட்டுக்கு அது வரும்போது ஆறிப்போயிருக்கும். அதில் மாற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. பெருமாள்மேல் எனக்குக் குறை இல்லை. உன்மேல்தான் வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் நான் ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். நீ எந்த நாடாக இருந்தாலும், அந்த ஊர்ப் பாட்டு ஒன்றைப் போட்டு, அந்த ஊர்க்காரர்களைப் பற்றி நாலு வார்த்தை பேசித்தான் ஆரம்பிப்பாய். நம் நாடும் ஒருநாள் வந்தாக வேண்டும். அன்றைக்கு நீ கீழே இறங்கி வருவாய், அடுக்களை வாசலில் நின்று, "அம்மா, எனக்கு சொல்லிக் கொடு" என்பாய் என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டேன். என்ன புடவை கட்டிக்கொள்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன், சிரிக்காதே. அக்காரவடிசலா, புளியோதரையா, ஒன்றுமில்லாமல் வெறும் மிளகு ரசமா என்று மனசுக்குள் போட்டுப் போட்டு எடுத்தேன். ஒருநாள் யாரோ இந்தியா எப்போ என்று கேட்டிருக்கிறார்கள். நீ வீடியோவில் கையை விரித்துச் சிரித்துக்கொண்டு, "இந்தியாவா? அது தெனமும் சாப்பிடறதுதானே. அது எங்கம்மா டிபார்ட்மென்ட், நான் தலையிடறதில்லே" என்றாய். ஊரே சிரித்தது. அடுத்த நாட்டுக்குப் போய்விட்டாய். நீ என்னைப் பெருமையாகத்தான் சொன்னாய் என்பது எனக்குப் புரிகிறது. உலகத்தில் இருக்கிற நாடுகளுக்கெல்லாம் ஒரு சனிக்கிழமை கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை என்பதும் புரிகிறது.

போன மாசம் அந்த செனகல் நாள் வந்தது. காலையிலேயே எல்லாவற்றையும் அரிந்து, வேர்க்கடலையை வறுத்து அரைத்து வைத்துவிட்டுப் புராஜெக்ட் ரிவ்யூவுக்குப் போனாய். சாயங்காலம் போன் பண்ணினாய், பின்னால் ஒரே இரைச்சல். "அம்மா, இங்க இழுத்தடிக்கறா, எனக்கு இன்னும் நம்பர் வரலே. ஃப்ரெண்ட்ஸெல்லாம் ஏழு மணிக்கு வந்துடுவா. நீ கொஞ்சம் முடிச்சு வெச்சுடேன், ப்ளீஸ்."

"எனக்கென்னடா தெரியும் செனகல்?"

"ஒண்ணுமில்லம்மா. தக்காளி, கிழங்கு, கோஸ் எல்லாம் வெந்ததும் கடலை விழுதைப் போட்டுக் கொதிக்க விடு. ஆனா ரெசிபில உப்பு காரத்துக்கு அளவு கிடையாது. வாயில போட்டுப் பாத்துப் பாத்துதான் போடணும்."

வாயில் போட்டுப் பார்க்க வேண்டுமாம். என்னிடம் சொல்கிறாய். சரி, இது பெருமாளுக்கு இல்லை, பூண்டு போட்டது, மாடியில் இருக்கிறது என்று மேலே ஏறி வந்தேன். வெங்காயமே தொடாதவள் இல்லை நான்; ஓட்டலில் மசால் தோசை சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் கரண்டியை நேராக வாய்க்குக் கொண்டுபோகவில்லை. முதலில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினேன். யாராவது பார்க்கிறார்களா என்று கதவைத் திரும்பிப் பார்த்தேன். கடலை நாக்கில் தங்கியது, காரம் பின்னால் மெதுவாக வந்தது, புளிப்பு போதவில்லை. போதவில்லை என்று எனக்குத் தெரிந்தது, முகுந்தா! அடுப்பில் இருக்கும்போதே தெரிந்தது! கீழே ஓடி ஒரு சுளை புளியைக் கரைத்துக்கொண்டு வந்தேன். விட்டேன், பார்த்தேன். உப்பு. பார்த்தேன். இரண்டு மிளகாயைக் கீறிப் போட்டேன். உள்ளங்கை எல்லாம் எங்கே போயிற்றோ, நேராகக் கரண்டியையே வாயில் வைத்துக்கொண்டேன். தேவைக்கு மேல் பார்த்தேன், சும்மாவே பார்த்தேன். நீ வருவதற்குள் பாத்திரத்தில் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. கிழங்கு கரைந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

உன் சிநேகிதர்கள் அன்று பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். "மச்சி, இதுவரைக்கும் பண்ணதுலயே இதுதான்டா டாப்பு" என்று அந்த திருவானைக்காவல் பையன் சொன்னது படி வரைக்கும் கேட்டது. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ நல்ல பிள்ளை, மறைக்கவில்லை. "அம்மாவும் ஹெல்ப் பண்ணினா" என்றாய். வீடியோவிலும் கடைசியில் சின்னதாக அப்படியே போட்டாய். ஹெல்ப்! நான் எழுந்து கீழே வந்து, விளக்கேற்றிவிட்டு, பெருமாள் முன்னால் உட்கார்ந்தேன். வழக்கமாக உனக்காகத்தான் வேண்டிக்கொள்வேன். அன்று என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதில் நீ இல்லை.

முந்தாநாள் நீ பெட்டி கட்டும்போது அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். மிச்சம் இருக்கிற நாடுகளைப் புனேயில் போய் முடிக்கப்போகிறாய், ஆபீஸில் வேலையும் ஆகும் இதுவும் ஆகும், அடுப்பையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாய். "எடுத்துண்டு போடா, இங்க அதுக்கு யாரு இருக்கா?" என்றார் உன் அப்பா. நான் அந்த அறையில்தான் உன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரில் ஒருத்தருக்குக்கூட என் பக்கம் திரும்பத் தோன்றவில்லை.

அதனால் இப்போது ஊரறியக் கேட்கிறேன். கேட்கக்கூட இல்லை, சொல்கிறேன். உனக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, புது ஊர் இருக்கிறது. போய் நன்றாக இரு, என் ஆசீர்வாதம் எல்லாம் உனக்கு உண்டு. மிச்ச நாடுகள் உனக்குக் கிடையாது. அவை எனக்கு. தாய்லாந்தும் துருக்கியும் இன்னும் பண்ணவில்லை, பார்த்து வைத்திருக்கிறேன். கீழே பெருமாளுக்கு வழக்கம்போலத் தளிகை ஆகும், அதில் ஒரு குறையும் வராது. சாயங்காலம் மாடிக்குப் போய் எனக்குச் சமைத்துக்கொள்வேன். வீடியோ கிடையாது. உன் அப்பா மேலே வந்தால் தட்டு போடுவேன். நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்னால்தான் மறுபடி பரிமாறுவேன்.

அடுப்பை உன் பெட்டியிலிருந்து நேற்றே எடுத்துவிட்டேன், தேடாதே. அந்த இடத்தில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இருக்கின்றன, நல்லெண்ணெய் கசியாமல் கட்டியிருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. தினமும் பண்ணு. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பண்ணாதே, நான் எடுக்க மாட்டேன்.

உன் அம்மா